நூல்கோல் கிழங்கல்ல

வாரத்தில் ஒரு நாள் காலை நிகழ்ச்சியில் "இன்னைக்கு உங்க வீட்ல என்ன காய்?" என்று கேட்பது வழக்கம். நேயர்கள் குரல்பதிவாக அனுப்புவார்கள். உருளைக்கிழங்கு, வெண்டைக்காய், கத்திரிக்காய், முட்டைக்கோஸ். பெரும்பாலும் இந்த நான்குக்குள் ஆட்டம் முடிந்துவிடும். அண்மையில் ஒரு வாரம் மட்டும் ஓர் அம்மாவின் பதில் வேறு மாதிரி இருந்தது. "நூல்கோல் சாம்பார் வச்சேன் தம்பி. ஆனா வீட்டுக்காரருக்கு மட்டும் தனியா ரசம். அவருக்கு சுகர் இருக்குல்ல, கிழங்கு ஆகாதே."

அதை ஒலிபரப்பியதுதான் தாமதம், மளமளவென்று பதில்கள். ஒருவர், "நூல்கோல் ஜூஸ் தினமும் வெறும் வயித்துல குடிச்சா சுகர் மாத்திரையே வேணாமாம், வாட்ஸ்அப்ல வந்துச்சு" என்றார். இன்னொருவர், "எனக்குத் தைராய்டு. கோஸ், காலிஃபிளவர், நூல்கோல் எதையும் தொடக்கூடாதுன்னு சொல்லி மூணு வருஷமா நிறுத்திட்டேன்" என்றார்.

ஒரே காய். ஒரு வீட்டில் சர்க்கரை நோயாளிக்கு ஆகாதது, அடுத்த வீட்டில் சர்க்கரை நோய்க்கு மருந்து, மூன்றாவது வீட்டில் தைராய்டுக்கு விஷம். இரண்டு பாடல்களுக்கு இடையில் கிடைக்கும் முப்பது வினாடியில் இதையெல்லாம் பேசித் தீர்க்க முடியாது. அதனால் இந்த வாரப் பக்கத்தை நூல்கோலுக்கே எழுதிவைத்துவிட்டேன்.

கிழங்குப் பழியிலிருந்து தொடங்குவோம். அந்தப் பழிக்குப் பெயரும் ஒரு காரணம். நூல்கோல் என்ற சொல்லில் நூலும் இல்லை, கோலும் இல்லை. டச்சு மொழியில் ‘க்னோல்’ என்றால் குமிழ் அல்லது கிழங்கு, ‘கோல்’ என்றால் கோஸ். அந்த ‘க்னோல்கோல்’தான் இந்தியா, இலங்கைப் பக்கத்து ஆங்கிலத்தில் ‘நோல்கோல்’ ஆகி, தமிழில் நூல்கோல், நூக்கல், நூல்கோஸ் என்று ஊருக்கு ஒரு பெயராய் ஒட்டிக்கொண்டது. யாழ்ப்பாணத்து வீடுகளில் நோக்கோல். ஜெர்மன்காரர்கள் வைத்த ‘கோல்ராபி’யும் கோஸ், டர்னிப் என்ற இரண்டு சொற்களைச் சேர்த்த பெயர்தான். ஆக எந்தப் பக்கம் திரும்பினாலும் கிழங்கு வாடை. கன்னடக்காரர்கள் மட்டும் ‘நவிலு கோசு’, அதாவது மயில் கோஸ் என்று அழகாகக் கூப்பிடுகிறார்கள்.

உண்மையில் அது வேரும் இல்லை, கிழங்கும் இல்லை, தண்டு. தோட்டத்தில் பார்த்தால் அந்தப் பந்து மண்ணுக்கு மேலேதான் உட்கார்ந்திருக்கும். அதன் உடம்பிலிருந்தே இலைகள் நாலா பக்கமும் கிளம்பும். கடையில் வாங்கும்போது தோலில் பிறை பிறையாகத் தழும்புகள் இருக்கும், கவனித்திருப்பீர்கள். அவை இலைக்காம்பு இருந்த இடங்கள். வேர் தனியாக, மண்ணுக்குள், மெல்லியதாக இருக்கும். அதை நறுக்கிவிட்டுத்தான் விற்பனைக்கு வருகிறது.

தாவரவியல்படி முட்டைக்கோஸ், காலிஃபிளவர், புரோக்கோலி, நூல்கோல் எல்லாம் ஒரே இனம். ஒரே காட்டுச்செடியை விவசாயிகள் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்ததில், இலை சுருண்டது முட்டைக்கோஸ் ஆனது, பூ திரண்டது காலிஃபிளவர் ஆனது, தண்டு பருத்தது நூல்கோல் ஆனது. நம் ஊர்க் கோப்பிக்கடையில் பூண்டு போட்டு வதக்கித் தருகிறார்களே கைலான் கீரை, அதுவும் இதே இனம்தான். சீனர்கள் நூல்கோலுக்கு வைத்திருக்கும் பெயரே ‘கைலான் தலை’ என்று பொருள்படும் சொல்தான். ஈரச்சந்தையில் சீனக் கடைக்காரரிடம் வாங்க வேண்டுமென்றால் ‘கைலான் தாவ்’ என்று கேட்டுப் பாருங்கள்.

சரி, தண்டு என்றே வைத்துக்கொள்வோம். அதனால் சர்க்கரை நோயாளி சாப்பிடலாமா? இங்கே இன்னொரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். மண்ணுக்கு மேலா, கீழா என்பது சர்க்கரைக்கு உரைகல்லே அல்ல. முள்ளங்கி அசல் வேர்தான். 100 கிராம் முள்ளங்கியில் மாவுச்சத்தும் சர்க்கரையுமாக இருக்கும் மொத்தக் கார்போஹைட்ரேட் 3.4 கிராம்தான். மரவள்ளியும் வேர்தான், அதில் 38 கிராம். உருளைக்கிழங்கில் சுமார் 17. நூல்கோலில் 6 கிராமைச் சற்றுத் தாண்டும், அதிலும் பாதிக்கு மேல், ஏறக்குறைய 3.6 கிராம், நார்ச்சத்து. நார்ச்சத்து இரத்தத்தில் சர்க்கரையாக மாறுவதில்லை. 91 விழுக்காடு தண்ணீர். 100 கிராமுக்கு 27 கலோரி.

அதாவது அந்த அம்மா சாம்பாரில் போட்ட நூல்கோலைவிட, அவருடைய கணவர் ரசத்தில் பிசைந்து சாப்பிட்ட சோறுதான் கணக்கில் வர வேண்டியது. வெந்த வெள்ளைச் சோறு 100 கிராமில் 28 கிராம் கார்போஹைட்ரேட், 130 கலோரி. நம் வீடுகளில் ஒரு வேளைக்கு யாரும் 100 கிராம் சோற்றோடு எழுந்திருப்பதில்லை. நூல்கோலை விலக்கிவிட்டுக் காய் இல்லாத ரசம் சோறு கொடுத்தது, நல்ல எண்ணத்தில் செய்த காரியம். ஆனால் சர்க்கரை ஏறும் பக்கம்தான் தட்டு சாய்ந்தது.

நம் சமூகத்தில் இது சின்னச் சங்கதி இல்லை. 2017 தேசிய தினப் பேரணி உரையில் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் நீரிழிவைப் பற்றி விரிவாகப் பேசினார். சிங்கப்பூர் இந்தியர்களில் 60 வயதைத் தாண்டியவர்களில் 10 பேருக்கு 6 பேர் நீரிழிவு உள்ளவர்கள் என்று அவர் காட்டிய கணக்கு பலருக்கு நினைவிருக்கும். உங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் மாலையில் கூடிப் பேசும் தாத்தா பாட்டிகளை எண்ணிப் பாருங்கள், கணக்கு புரியும்.

சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் ‘ஆரோக்கியத் தட்டு’ படத்தைப் பலதுறை மருந்தகச் சுவரில் பார்த்திருப்பீர்கள். தட்டில் பாதி காய்கறியும் பழமும், கால் பங்கு முழுதானியம், கால் பங்கு புரதம். நம் வாழையிலையில் பாதி சோறு, மீதியில் கறி, மூலையில் ஒரு கரண்டிப் பொரியல், அதன்மேல் அப்பளம். ஒருநாளைக்கு இரண்டு பரிமாறல் காய்கறி வேண்டும் என்கிறது வாரியம். ஒரு பரிமாறல் என்பது சமைத்த காய் முக்கால் குவளை, சுமார் 100 கிராம். அந்த ஒரு கரண்டிப் பொரியல் இதில் கால்வாசி தேறினாலே பெரிது.

நூல்கோல் உதவக்கூடிய இடம் இந்த மூலைதான். அதில் இருக்கும் ஏதோ ஒரு மாயப் பொருள் சர்க்கரையைக் கரைக்கிறது என்பதால் அல்ல. வயிற்றை அடைக்கும், கடிக்க மொறுமொறு என்று இருக்கும், உருளைக்கிழங்கு போகும் இடத்திலெல்லாம் போகும். சாம்பாரில், குருமாவில், கூட்டில், சப்பாத்திக்குத் தொட்டுக்கொள்ளும் மசாலாவில் உருளைக்கு மாற்றாகப் போட்டால், மாவுச்சத்தின் பெரும்பகுதி அந்த இடத்திலேயே கழிந்துவிடும். இன்னொரு சின்ன வழியும் உண்டு. காயையும் பருப்பையோ மீனையோ முதலில் சாப்பிட்டு, சோற்றைக் கடைசியில் எடுத்துக்கொண்டால், சாப்பாட்டுக்குப் பின் சர்க்கரை ஏறும் வேகம் குறைவதைச் சிறிய அளவிலான ஆய்வுகள் பல காட்டியிருக்கின்றன. நமக்குச் சோற்றைப் பிசையாமல் கை நிற்காது என்பது வேறு விஷயம். ஒரு கிண்ணம் கூட்டைக் கரண்டியால் முதலில் சாப்பிட்டுவிட்டுப் பிறகு பிசையலாமே.

ஜூஸ் ஆசாமிக்கு வருவோம். நூல்கோலை அரைத்து வடிகட்டினால் நார்ச்சத்து சக்கையோடு போய்விடும். சர்க்கரை நோயாளிக்கு அதிலே உபயோகமான பங்கே அதுதான். மிஞ்சுவது தண்ணீரும், கொஞ்சம் இனிப்பும், வைட்டமின் சியும், நாலைந்து காய்க்கு உரிய பொட்டாசியமும். பொட்டாசியம் ஏன் முக்கியம் என்று பிறகு சொல்கிறேன். அதைக் குடித்துவிட்டு மெட்ஃபார்மினை நிறுத்துவதுதான் பெரிய ஆபத்து. நீரிழிவு வலிக்காது. மூன்று மாதம் மாத்திரை இல்லாமல் இருந்தாலும் உடம்பு நன்றாகத்தான் இருப்பதாகத் தோன்றும். அடுத்த முறை எச்பிஏ1சி பரிசோதனை எடுக்கும்வரை கண்ணிலும் சிறுநீரகத்திலும் நடப்பது தெரியாது. காய் சாப்பிடுங்கள், மாத்திரையையும் சாப்பிடுங்கள். மாத்திரையைக் குறைக்க வேண்டுமென்றால் அது மருத்துவரோடு பேசி, பரிசோதனை முடிவை முன்னால் வைத்துக்கொண்டு எடுக்கும் முடிவு.

இனி தைராய்டு. மூன்றில் இதுதான் எனக்குச் சுவாரசியமானது, ஏனென்றால் இதில் ஒரு துண்டு உண்மை இருக்கிறது.

கோஸ் குடும்பத்துக் காய்களில் குளுக்கோசினோலேட் என்ற கந்தகச் சேர்மங்கள் உண்டு. முட்டைக்கோஸ் வேகும்போது வீடு முழுக்க வருமே ஒரு வாசம், அது கந்தகச் சேர்மங்களின் வேலைதான். காயை நறுக்கும்போதும் மெல்லும்போதும் உள்ளே தனியாக இருக்கும் ஒரு நொதி இவற்றோடு கலந்து இவற்றை உடைக்கிறது. உடைந்து வரும் பொருள்களில் சில, தைராய்டு சுரப்பி அயோடினை எடுத்துக்கொள்வதற்கும் ஹார்மோன் சுரப்பதற்கும் இடைஞ்சல் செய்யக்கூடியவை. இதுவரை அறிவியல். இதை வைத்துக்கொண்டு ‘தைராய்டு இருந்தால் கோஸ் வகை தொடாதே’ என்று எழுதியது வாட்ஸ்அப்.

விட்டுப்போனது அளவு. 2010இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் ஒரு நோயாளியின் கதை வெளிவந்தது. 88 வயதுச் சீன மூதாட்டி ஒருவரை நடக்கவும் விழுங்கவும் முடியாத நிலையில் அமெரிக்க மருத்துவமனை ஒன்றுக்குக் கொண்டுவந்தார்கள். தைராய்டு ஏறக்குறைய வேலையை நிறுத்தியிருந்தது. விசாரித்தால், பல மாதங்களாக நாளுக்கு ஒரு கிலோவிலிருந்து ஒன்றரைக் கிலோ வரை பாக் சோய் கீரையைப் பச்சையாகச் சாப்பிட்டு வந்திருக்கிறார். எதற்காக? நீரிழிவைக் கட்டுப்படுத்துமாம், யாரோ சொன்னார்கள்.

பாக் சோய் நூல்கோலின் உறவுக்காரக் கீரை. கதையில் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்றரைக் கிலோ வரை. பச்சையாக. பல மாதம், தினமும். நாம் சாப்பிடுவது வாரத்துக்கு இரண்டு முறை ஒரு கிண்ணம், அதுவும் குக்கரில் இரண்டு விசில் விட்டது. சூடு பட்டால் அந்த நொதி செயலிழந்துவிடும், உடைந்து வரும் பொருளும் குறையும். அயோடின் போதுமான அளவு உடம்பில் இருப்பவருக்குச் சமைத்த நூல்கோலால் தைராய்டு கெடும் என்று பயப்படக் காரணம் இல்லை. மீன், முட்டை, பால், கடல்பாசி, அயோடின் உப்பு என்று ஏதாவது ஒன்று உணவில் இருந்தால் அயோடின் வந்துவிடும். சைவமாக இருந்து, பாலும் தவிர்த்து, ‘இயற்கை’ என்று இளஞ்சிவப்பு இமயமலை உப்புக்கு மாறியவர்கள்தான் ஒருமுறை உப்புப் பொட்டலத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். அந்த உப்பில் பொதுவாக அயோடின் சேர்ப்பதில்லை.

மூன்று வருடமாகக் கோஸ் வகையை நிறுத்திய நேயருக்கு இன்னொரு கேள்வி: தைராக்சின் மாத்திரையை எப்படிச் சாப்பிடுகிறீர்கள்? வெறும் வயிற்றில், தண்ணீரோடு, காலைச் சாப்பாட்டுக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு முன்பு என்பது விதி. கோப்பியோடு விழுங்கினால் மருந்து உடம்பில் சேர்வது குறைகிறது. கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கும் இதற்கும் இடையில் நான்கு மணி நேரம் இடைவெளி வேண்டும். காலையில் கோப்பி-ஓவோடு மாத்திரையை உள்ளே தள்ளிவிட்டு, மதியம் நூல்கோலை ஒதுக்கி வைப்பவர்கள் நம்மில் நிறையப் பேர். அவர்களுடைய தைராய்டு அளவு ஏறி இறங்குவதற்கு எது காரணமாக இருக்கும் என்று நீங்களே சொல்லுங்கள்.

உண்மையாகவே கவனமாக இருக்க வேண்டியவர்கள் வேறு சிலர். அவர்களைப் பற்றித்தான் வாட்ஸ்அப் பேசுவதே இல்லை.

முதலாவது, சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்கள். 100 கிராம் நூல்கோலில் சுமார் 350 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கிறது. இரத்த அழுத்தம் உள்ள சாதாரண ஆளுக்கு அது நல்லது. சிறுநீரகம் பழுதானவருக்குப் பொட்டாசியம் வெளியேறாமல் தேங்கி, இதயத் துடிப்பையே பாதிக்கலாம். நீண்டகால நீரிழிவில் சிறுநீரகம் பாதிக்கப்படுவது சகஜம் என்பதால், ‘சர்க்கரைக்கு நல்லது’ என்று ஜூஸ் குடிப்பவரே அந்தப் பட்டியலில் இருக்க வாய்ப்பு அதிகம். மருத்துவர் பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லியிருந்தால், உணவு ஆலோசகரிடம் நூல்கோல் எவ்வளவு சாப்பிடலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். சின்னத் துண்டுகளாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமைப்பது பொட்டாசியத்தைக் கொஞ்சம் குறைக்கும்.

இரண்டாவது, வார்ஃபரின் சாப்பிடுபவர்கள். இதய வால்வு மாற்றியவர்கள், இரத்தம் உறையாமல் இருக்க இந்த மருந்து எடுப்பவர்கள் பலர் உண்டு. வைட்டமின் கே இந்த மருந்துக்கு எதிராக வேலை செய்யும். நூல்கோல் பந்தில் வைட்டமின் கே இல்லை என்றே சொல்லலாம். அதன் இலையிலோ, கரும்பச்சைக் கீரைகள் எல்லாவற்றையும் போல, அது நிறைய. இலையே கூடாது என்று அர்த்தம் இல்லை. ஒரு வாரம் நிறைய, அடுத்த வாரம் சுத்தமாக இல்லை என்று தாவாமல், அளவு ஒரே சீராக இருக்க வேண்டும். புதிதாகக் கீரைப் பழக்கம் தொடங்கினால் மருந்தகத்தில் சொல்லிவிட வேண்டும்.

வாயுத் தொல்லை சிலருக்கு வரும். பச்சையாகச் சாப்பிட்டால் இன்னும் கூடுதல். குறைவாகத் தொடங்குங்கள், அவ்வளவுதான்.

இவ்வளவு சொன்ன பிறகு நூல்கோலின் பெருமையையும் சொல்லாவிட்டால் நியாயமில்லை. இதன் பலம் வைட்டமின் சி. பச்சையாக 100 கிராமில் 62 மில்லிகிராம். அதே எடை ஆரஞ்சில் 53தான். வேகவைத்துத் தண்ணீரை வடித்த பிறகும் 54 வரை மிஞ்சும். சாம்பாராகவோ கூட்டாகவோ செய்தால் தண்ணீரில் கரைந்த பங்கும் வயிற்றுக்கே வருகிறது. இரும்புச்சத்து இதில் பெரிதாக இல்லை, ஆனால் பருப்பிலும் கீரையிலும் இருக்கும் இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ள வைட்டமின் சி கைகொடுக்கும். பாசிப்பருப்பு போட்ட நூல்கோல் கூட்டு அந்த விதத்தில் நல்ல ஜோடி, குறிப்பாக இரத்தசோகை உள்ள பெண்களுக்கு. சாப்பிட்டு முடித்த கையோடு தே தாரிக் குடித்தால் தேயிலையில் உள்ள பொருள் அந்த இரும்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும். தேநீருக்கு ஒரு மணி நேரம் பொறுங்கள்.

புற்றுநோயைத் தடுக்குமா? கோஸ் குடும்பத்துக் காய்களை அதிகம் சாப்பிடும் மக்களிடம் சில வகைப் புற்றுநோய்கள் குறைவாகக் காணப்பட்டதாகச் சில ஆய்வுகள் உண்டு. எல்லா ஆய்வுகளிலும் அப்படி வரவில்லை. மேலே சொன்ன அதே குளுக்கோசினோலேட் உடைந்து வரும் வேறு சில பொருள்கள் ஆய்வுக்கூடத்தில் நம்பிக்கை தருகின்றன. அதற்கு மேல் சொன்னால் விளம்பரம் ஆகிவிடும். ஆனால் அந்தப் பொருள்கள் கிடைக்க வேண்டும் என்று விரும்புபவர்களுக்கு ஒரு குறிப்பு, புரோக்கோலியை வைத்துச் செய்த ஆராய்ச்சியிலிருந்து: நறுக்கியவுடன் அடுப்பில் போடாமல் அரை மணி நேரம் போல விட்டுவையுங்கள். நொதிக்கு வேலை செய்ய நேரம் கிடைக்கும். இன்னொரு வழி, சமைத்த காயில் கொஞ்சம் அரைத்த பச்சைக் கடுகு சேர்ப்பது. கடுகிலும் அதே நொதி இருக்கிறது. தாளித்த கடுகு கணக்கில் வராது, கொதிக்கும் எண்ணெயில் வெடித்த கடுகில் நொதி எங்கே இருக்கும்? தயிர்ப் பச்சடியில் கடுகு அரைத்து ஊற்றுவார்களே பாட்டிமார், அந்தக் கைப்பக்குவத்தை நூல்கோலுக்குக் கொண்டுவரலாம்.

தேக்காவில் பஃபலோ ரோடு காய்கறிக் கடைகளிலும் ஈரச்சந்தையிலும் நூல்கோல் கிடைக்கும். பெரிதாக இருந்தால் லாபம் என்று எடுக்காதீர்கள். டென்னிஸ் பந்து அளவு, அதைவிடச் சின்னது என்றால் இன்னும் நல்லது. பெரியது நாரோடிப்போய்க் கட்டையாக இருக்கும், எவ்வளவு வேகவைத்தாலும் பல்லில் மாட்டும். கையில் எடுத்தால் கனமாக இருக்க வேண்டும், வெடிப்பு கூடாது. ஊதா நிறத்தில் வருவதற்கு விலை கூடுதலாக இருந்தால் யோசியுங்கள். ஊதா தோலில் மட்டும்தான், உள்ளே அதே வெள்ளை, தோலை நாம் சீவி எறிந்துவிடுவோம்.

சீவும்போது உருளைக்கிழங்குக்குப் போல மேலாகச் சீவினால் போதாது. தோலுக்குக் கீழே இன்னொரு நார்ப்படலம் இருக்கும், அதோடு சேர்த்துத் தடிமனாக எடுக்க வேண்டும். வேர்ப் பக்கத்திலிருந்து கத்தியால் பிடித்து மேல்நோக்கி இழுத்தால் பட்டை பட்டையாக உரிந்து வரும். ‘நூல்கோல் பிடிக்காது’ என்று சொல்லும் பிள்ளைகளில் பாதிப் பேருக்குப் பிடிக்காதது அந்த நார்தான் என்பது என் சந்தேகம்.

வேலைக்குப் போகும் இளையர்களுக்குச் சமைக்க நேரமில்லை என்பது தெரியும். நூல்கோலைச் சீவி, விரல் நீளத் துண்டுகளாக நறுக்கி டப்பாவில் போட்டுக் குளிர்பெட்டியில் வைத்தால் மூன்று நான்கு நாள் தாங்கும். எலுமிச்சைச் சாறு, மிளகாய்த்தூள், துளி உப்பு தூவி அலுவலகத்தில் நாலு மணிக்குக் கடிக்கலாம். கொய்யாவுக்குத் தூவும் அசாம்போய்த் தூளும் பொருத்தமாகத்தான் இருக்கும், ஆனால் அதில் உப்பும் சர்க்கரையும் உண்டு, கை தாராளமாக வேண்டாம். வீட்டில் ரோஜாக் செய்பவர்கள் செங்குவாங்குக்குப் பதில் இதைப் போட்டுப் பாருங்கள். மொறுமொறுப்பு கிட்டத்தட்ட அதே, கொஞ்சம் முள்ளங்கிக் காரம் கூடுதல்.

கூட்டுக்கு நான் செய்யும் முறை இது. இரண்டு சின்ன நூல்கோல், கால் கப் பாசிப்பருப்பு, மஞ்சள்தூள், ஒரு விசில். இரண்டு கரண்டித் தேங்காய், சீரகம், ஒரு பச்சை மிளகாய் அரைத்துச் சேர்த்து ஒரு கொதி. உப்பை இறக்கும்போது போடுங்கள், குறைவாகவே போதும். காய்க்கே லேசான இனிப்பு இருப்பதால் உப்பு அதிகம் கேட்காது.

கடையில் சில நேரம் இலையோடு வரும். கடைக்காரர் கேட்காமலே இலையைப் பிய்த்துக் கூடையில் எறிவார், எடை குறையுமே என்று நாமும் சும்மா நிற்போம். வாடாமல் பச்சையாக இருந்தால் இலையையும் கேட்டு வாங்குங்கள். காஷ்மீரில் இலையும் பந்தும் சேர்த்துத்தான் ஒரே சட்டியில் சமைக்கிறார்கள். நடுக்காம்பைக் கிழித்து எடுத்துவிட்டு, பொடியாக அரிந்து, வெங்காயம் பூண்டோடு வதக்கினால் கைலான் மாதிரியே இருக்கும். வார்ஃபரின் எடுப்பவர் வீட்டில் இருந்தால் அவருக்குப் பந்தை வைத்துவிட்டு, இலையை மற்றவர்கள் பகிர்ந்துகொள்ளலாம்.